கட்டுகிறவன் ஏமாளியா?



ஏய்க்கிறவர்கள் நிறைந்த நாட்டிலே, ஒழுங்காக வரி கட்டுகிறவன் சமுதாய ஒப்பந்தத்துக்கு இன்னமும் கட்டுப்பட்டவனா இல்லையா? இதுதான் தலைப்பு. 'கட்டுப்பட்டவன்தான்' என்று பேச என்னை நிறுத்தியிருக்கிறார்கள். மேடை ஏறும்போதே எங்கள் அணித் தலைவர் காதிலே சொன்னார்: "கைதட்டல் எல்லாம் அந்தப் பக்கம்தான் விழும், மனசைத் தேத்திக்கிட்டுப் போங்க" என்று. (சிரிப்பு) உண்மைதானே? 'வரி கட்டாதே' என்று ஒருத்தர் சொன்னால் கைதட்டாமல் இருக்க நமக்கு என்ன வைராக்கியமா இருக்கிறது?

நான் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். வாத்தியாருக்கு வரி ஏய்க்கிற பாக்கியம் கிடையாது. சம்பளம் கைக்கு வருவதற்கு முன்னாலேயே பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுப்பார்கள். அதனாலே என் நேர்மையைப் பற்றி நான் பீற்றிக்கொள்ள முடியாது. கூண்டுக்குள்ளே இருக்கிற கிளி, 'நான் சத்தியமாப் பறக்க மாட்டேன்'னு சபதம் போட்ட கதையாகிவிடும். (சிரிப்பு) ஆனால் ஒன்று. பிடித்தம் செய்யப்பட்டவனுக்குத்தான் ஆத்திரம் அதிகம். எதிரணியின் ஆத்திரம் எனக்கும் உண்டு. அது பொய் என்று சொல்ல நான் வரவில்லை.

எதிரணித் தலைவர் ரூசோவைக் கூட்டிக்கொண்டு வந்தார். 1762-ல் ரூசோ சமுதாய ஒப்பந்தம் பற்றி எழுதினார்; ஒப்பந்தம் என்றால் இரண்டு கட்சி; ஒரு கட்சி மீறினால் மறு கட்சி விலகலாம் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டு வாடகை ஒப்பந்தம் அப்படித்தான். அவர் குழாயைச் சரி செய்யவில்லை, நான் வாடகை தரமாட்டேன். முடிந்தது விஷயம்.

ஆனால் வரி வாடகை ஒப்பந்தம் இல்லீங்க. அது சீட்டு மாதிரி. நம்ம தெருவிலே பிடிக்கிற ஏலச்சீட்டு. இருபது பேர் சேர்ந்தாங்க. ஒருத்தன் முதல் சீட்டை எடுத்துக்கிட்டு ஊரை விட்டு ஓடிட்டான். உடனே நான் என்ன செய்யணும்? 'அவனே கட்டலை, நானும் கட்டலை'ன்னு உட்கார்ந்தால் யாருக்கு நஷ்டம்? ஓடிப்போனவனுக்கா? அவன் போய்விட்டான். பொண்ணு கல்யாணத்துக்குக் கடைசிச் சீட்டை நம்பி மாசாமாசம் கட்டிக்கொண்டிருக்கிற இட்லிக் கடை அம்மாவுக்குத்தான் நஷ்டம். நான் வாக்குக் கொடுத்தது ஓடினவனுக்கு இல்லை. மிச்சம் இருக்கிற பதினெட்டு பேருக்கு.

நான் இதைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு அம்மா தலையை ஆட்டுகிறார்கள். என்ன கேட்கப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். 'ஓடினது உறுப்பினர் என்றால் சரி. சீட்டுப் பிடிக்கிறவனே ஓடினால்?' அதானே? (கைதட்டல்) பாருங்க, என் கேள்விக்கே அவர்களுக்குக் கைதட்டல்! (சிரிப்பு) அந்த இடத்துக்கு வருகிறேன். அதுதான் இந்தத் தலைப்பின் உயிர்நிலை. அதற்கு முன்னாலே ஒப்பந்தமே இல்லாமல் வரி வாங்கின காலம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வருவோம்.

நம்ம நாட்டிலே இன்றைக்கு நாம் சொல்கிற வருமான வரி 1860-ல் வந்தது. 1857-ல் சிப்பாய்கள் கிளர்ச்சி செய்தார்கள். அதை அடக்கச் செலவான பணத்திலே அரசாங்கம் கடனில் மூழ்கியது. லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்கிற நிதி நிபுணரை அனுப்பினார்கள். எக்கனாமிஸ்ட் பத்திரிகையை 1843-ல் ஆரம்பித்தவர் அவர்தான். 1860 பிப்ரவரியிலே பட்ஜெட் போட்டார். வருஷத்துக்கு 200 ரூபாய் வருமானம் உள்ளவன் தொடங்கி வரி. யோசித்துப் பாருங்க. நம்மைச் சுட்ட துப்பாக்கிக்கு நம்மகிட்டயே காசு! இந்திய மக்கள் யாரையும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமே அப்போது கிடையாது.

இதை எதிர்த்தவர் யார் தெரியுமா? நம்ம சென்னை கவர்னர். சர் சார்லஸ் டிரெவலியன். வெள்ளைக்காரர்தான். 'புது வரி போடாதே, பட்டாளச் செலவைக் குறை' என்பது அவர் கட்சி. அதை ரகசியக் கடிதமாக எழுதியிருந்தால் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். அவர் தன் எதிர்ப்பைப் பத்திரிகையிலே வெளியிட்டுவிட்டார். வேலை போச்சு, திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். வில்சனும் பாவம், அந்த ஆகஸ்ட்டிலேயே கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனார். சரித்திரத்தின் வேடிக்கை என்னவென்றால், விரட்டப்பட்ட டிரெவலியன் 1862-ல் நிதி உறுப்பினராகவே திரும்பி வந்தார். வில்சன் கொண்டுவந்த வருமான வரி 1865-ல் காலாவதியானது. அப்புறம் வேறு வேறு பெயரில் வந்து, 1886-ல் நிலைத்துவிட்டது.

அந்தக் காலத்து மனிதன் ஒருத்தன், 'இந்த வரிக்கு நான் கட்டுப்பட்டவன் இல்லை' என்று சொல்லியிருந்தால் நான் இந்த மேடையிலே அவன் பக்கம்தான் பேசுவேன். ஏனென்றால் அங்கே ஒப்பந்தமே இல்லை. கட்டளைதான் இருந்தது. 1950-ல் அது மாறியது. அரசியலமைப்பின் 265-வது பிரிவு, சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கக் கூடாது, வசூலிக்கவும் கூடாது என்கிறது. சட்டம் செய்கிறவனை நாம் ஓட்டுப் போட்டு அனுப்புகிறோம். அதோடு நிற்கவில்லை. 148-வது பிரிவிலே கணக்குத் தணிக்கைத் தலைவர் என்று ஒருத்தரை வைத்து, அவருடைய அறிக்கை நாடாளுமன்றத்தின் முன்னாலே வைக்கப்பட வேண்டும் என்று எழுதினார்கள். வரி வாங்க ஒரு பிரிவு, கணக்குச் சொல்ல ஒரு பிரிவு.

இந்தக் கணக்குச் சொல்கிற யோசனை வெள்ளைக்காரனிடமிருந்து வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். காஞ்சிபுரம் மாவட்டத்திலே உத்தரமேரூர் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலே முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று 919, இன்னொன்று 921. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். முப்பது குடும்புகள். ஓலையிலே பெயர் எழுதிக் குடத்திலே போட்டு, ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று பல வாரியங்கள். இதையெல்லாம் எங்களிடம் படித்த பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிப்பார்கள். ஐந்து மதிப்பெண் கேள்வி அது. ஆனால் தகுதி, தகுதியின்மைப் பட்டியலை யாரும் நின்று படிப்பதில்லை.

தகுதி என்ன? வரி செலுத்துகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையிலே வீடு கட்டியிருக்க வேண்டும். இரண்டாவது கல்வெட்டுப்படி வயது 35-க்கு மேல், 70-க்குள். சரி, யாருக்குத் தகுதி இல்லை? முன்னாலே வாரியத்திலே இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனுக்குத் தகுதி இல்லை. அவன் மட்டுமா? இனிமேல்தான் இருக்கிறது விஷயம். அவன் சின்னம்மா பிள்ளை, பெரியம்மா பிள்ளை, அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை, தாய்மாமன், அப்பாவோடு பிறந்தவன், கூடப் பிறந்தவன், மாமனார், பெண்டாட்டியோடு பிறந்த மச்சான், சகோதரி புருஷன், சகோதரி பிள்ளைகள், மருமகன், அப்பன், மகன், இத்தனை பேர் பெயரும் குடத்துக்குள்ளே போகக் கூடாது! (சிரிப்பு, கைதட்டல்)

ஏன் சிரிக்கிறீங்க? ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலேயே நம்ம ஆளுக்கு மச்சானைப் பற்றித் தெரிந்திருக்கிறது. (சிரிப்பு) தானே நிற்க முடியாவிட்டால் மச்சான் பெயரிலே நிற்பான் என்று கண்டுபிடித்து, கல்லிலே வெட்டி வைத்திருக்கிறான். நாம் பினாமிச் சட்டம் போட்டது 1988-ல். போட்டு, 28 வருஷம் அதற்கு விதிமுறை வகுக்காமல் பெட்டியிலே வைத்திருந்து, 2016-ல்தான் திருத்தி நடைமுறைக்குக் கொண்டுவந்தோம்.

உத்தரமேரூரைப் பொற்காலம் என்று தூக்கிப் பிடிக்க நான் தயாரில்லை. அது பிரமதேய ஊர். நிலம் வைத்திருந்த பிராமண ஆண்களின் சபை. ஏர் பிடித்தவனுக்கும், நாற்று நட்டவளுக்கும் அந்தக் குடத்திலே ஓலை கிடையாது. ஆனால் ஒரு விஷயத்தைப் பாருங்கள். வரி செலுத்தும் நிலமும் கணக்குக் காட்டுகிற கடமையும் ஒரே சுவரிலே இருக்கின்றன. கணக்குக் காட்டாதவனைக் கண்டபோது அந்த ஊர்க்காரர்கள், 'இனிமேல் நாம் யாரும் இறை கட்டவேண்டாம்' என்று வெட்டி வைக்கவில்லை. 'இனிமேல் அவன் உள்ளே வரவேண்டாம்' என்று வெட்டி வைத்தார்கள். சீட்டுப் பிடிக்கிறவன் ஓடினால் என்ன செய்வது என்று கேட்ட அம்மாவுக்கு என்னுடைய முதல் பதில் அந்தச் சுவரிலே இருக்கிறது.

எதிரணியிலே பிசிராந்தையாரையும் இழுத்தார்கள். வயலிலே யானையை விட்டால் வாய்க்குப் போவதைவிடக் காலால் மிதிபடுவது அதிகம் என்று பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன புலவர். புறநானூறு இல்லாமல் வரி பற்றிய பட்டிமன்றம் முடியுமா? ஆனால் அந்தப் பாட்டு யாரிடம் சொல்லப்பட்டது? அரசனிடம். 'இப்படி வாங்கு' என்றார். குடிமக்களிடம் போய் 'கொடுக்காதே' என்று அவர் சொல்லவில்லை.

சரி, இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். இதிலே எதிரணிக்கு நான் நிறைய விட்டுக்கொடுக்கப் போகிறேன். எங்கள் அணித் தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

1973-74-ல் நம்ம நாட்டு வருமான வரியிலே மேல்தட்டு விகிதம் என்ன தெரியுமா? உபரி வரியோடு சேர்த்து 97.75 சதவீதம். இரண்டு லட்சத்துக்கு மேலே சம்பாதிக்கிற ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 97 ரூபாய் 75 காசு அரசாங்கத்துக்கு. மிச்சம் 2 ரூபாய் 25 காசு. அதை வைத்துக்கொண்டு வருமான வரி அலுவலகத்துக்குப் பஸ்ஸிலே போய் வரலாம். (சிரிப்பு) இது ஒப்பந்தமா? இல்லை. முன்னாள் தலைமை நீதிபதி வாஞ்சூ தலைமையிலே ஒரு குழு, 1971 கடைசியிலேயே சொல்லிவிட்டது: இந்த உயரத்திலே விகிதம் வைத்தால் ஏய்ப்புத்தான் வளரும், குறையுங்கள் என்று. 1974-75-ல் 77 ஆனது. 1985-ல் 50 ஆனது. 1997-ல் 30. குறைத்ததாலே கஜானா காலியாகிவிடவில்லை.

அதே வாஞ்சூ குழு இன்னொன்றும் சொன்னது. 'கறுப்புப் பணத்தைத் தானாக முன்வந்து சொன்னால் மன்னிப்பு என்கிற திட்டம் இனிமேல் வேண்டாம்.' 1951-லும் 1965-லும் அப்படித் திட்டங்கள் வந்திருந்தன. வேண்டாம் என்று குழு சொன்ன பிறகு என்ன நடந்தது? 1975-ல் ஒன்று. 1981-ல் இன்னொன்று, சிறப்புப் பத்திரம். அப்போது நிதி அமைச்சர் நம்ம ஊர்க்காரர், ஆர். வெங்கட்ராமன். பத்தாயிரம் ரூபாய்க்குப் பத்திரம் வாங்கு. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டோம். பத்து வருஷம் கழித்துப் பன்னிரண்டாயிரமாகத் தருகிறோம். பத்திரத்திலே பெயர் கூட இருக்காது. யார் கையிலே இருக்கிறதோ அவருக்குச் சொந்தம்.

ஒழுங்காகக் கட்டினவன் என்ன நினைப்பான்? அவன் நினைத்ததை வழக்காகப் போட்டார்கள். ஆர்.கே. கார்க் வழக்கு, 1981. ஐந்து நீதிபதிகள். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறீர்களே, ஏய்த்தவனுக்குச் சலுகை, கட்டினவனுக்கு ஒன்றும் இல்லை, இது என்ன சமம் என்பது வாதம். நாலு நீதிபதிகள், 'பொருளாதார விஷயத்திலே அரசாங்கத்துக்குக் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். ஒழுக்கக் குறைவு என்பதற்காக மட்டும் ஒரு சட்டத்தை ரத்து செய்ய முடியாது' என்கிற கருத்திலே பத்திரத்தை அனுமதித்தார்கள். ஒரே ஒரு நீதிபதி, ஏ.சி. குப்தா, 'இது செல்லாது, சமத்துவத்துக்கு விரோதம்' என்று மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். நாலுக்கு ஒன்று. சட்டப்படி தோற்றுப்போனார். வகுப்பிலே பிள்ளைகளிடம் நான் எத்தனையோ மன்னர்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன். இந்த நீதிபதி பெயர் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை.

அப்புறம் 1997. ஜூலை முதல் டிசம்பர் வரைக்கும் தன்னார்வ அறிவிப்புத் திட்டம். தனி ஆள் 30 சதவீதம் கட்டினால் போதும். சுமார் நாலே முக்கால் லட்சம் பேர் வந்து 33,000 கோடிக்கு மேலே 'எங்களிடம் இருக்கிறது' என்று ஒப்புக்கொண்டார்கள். அரசாங்கத்துக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி வரி. நல்லதுதானே என்பீர்கள். அதற்கு முந்தைய வருஷம் வரைக்கும் ஒழுங்காகக் கணக்குக் காட்டினவன் மேல்தட்டிலே 40 சதவீதம் கட்டியிருக்கிறான். மறைத்தவனுக்கு 30. இதைவிட வேடிக்கை நகை விஷயம். பழைய நகை என்று சொன்னால் 1987 ஏப்ரல் மாத விலைக்குத்தான் மதிப்புப் போடுவார்கள். பத்து வருஷத்திலே தங்கம் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. லட்ச ரூபாய் நகை, பாதி விலையிலே கணக்கு. அதிலே 30 சதவீதம். அப்படியானால் உண்மையிலே அவன் கட்டினது பதினைந்து, பதினாறு சதவீதம்தான். நகைக் கடையிலே சேதாரத்துக்கே அதற்கு மேலே பிடுங்குகிறார்கள்! (சிரிப்பு)

இதைச் சொன்னது நானா? இல்லை. 148-வது பிரிவிலே வைத்தோமே, கணக்குத் தணிக்கைத் தலைவர், அவர் அறிக்கையிலேயே இது நேர்மையாக வரி கட்டுகிறவர்களுக்குச் செய்த மோசடி என்கிற அளவுக்குக் கண்டித்தார். அந்தச் சமயத்திலே உச்ச நீதிமன்றத்திலே அரசாங்கம், 'இனி இப்படித் திட்டம் கொண்டுவர மாட்டோம்' என்று எழுதியும் கொடுத்தது. 2016-ல் இன்னொரு திட்டம் வந்தது. 'இதிலே விகிதம் 45 சதவீதம், ஆகவே இது மன்னிப்பு இல்லை' என்று விளக்கம் சொன்னார்கள். சுமார் 65,000 கோடி வந்தது.

அதே 2016 நவம்பர் 8 உங்களுக்கு மறந்திருக்காது. ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியிலே பேசினார். எட்டரைக்கு எங்கள் வீட்டிலே அரிசிப் பானை திறந்தது, கடுகு டப்பா திறந்தது, கல்யாணப் புடவை மடிப்பு பிரிந்தது. ஐந்நூறும் ஆயிரமுமாகக் கொட்டுகிறார்கள் என் வீட்டம்மா. 'ஏதும்மா இவ்வளவு?' என்றேன். 'எல்லாம் உங்க சட்டைப் பையிலே இருந்ததுதான்' என்கிறார்கள். (பலத்த சிரிப்பு) அந்தப் பணத்தை மாற்ற நாலு நாள் வரிசையிலே நின்றேன். என்னோடு நின்றவர்கள் பால்காரர், ஆயா வேலை பார்க்கிற பாட்டி, பூக்காரம்மா. பெரிய புள்ளி ஒருத்தரையும் அந்த வரிசையிலே நான் பார்க்கவில்லை. கடைசியிலே ரிசர்வ் வங்கி 2018-ல் கணக்குச் சொன்னது: செல்லாது என்ற நோட்டிலே 99.3 சதவீதம் வங்கிக்கே திரும்பி வந்துவிட்டது.

அய்யா, நான் எதிரணிக்கு ரொம்பத் தூரம் போய்விட்டேன் என்று நடுவர் பார்க்கிறார். திரும்பி வருகிறேன்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, கட்டுகிறவன் ஏன் கட்ட வேண்டும்? 'அவன் ஏய்த்தான், அரசாங்கம் அவனை மன்னித்தது, ஆகவே நானும் ஏய்ப்பேன்.' இந்த வாதத்திலே 'ஆகவே' என்கிற சொல்லைத்தான் நான் பிடித்து நிறுத்துகிறேன். 1981-ல் வழக்குப் போட்டவர்களுக்கும், 97 திட்டத்தைக் கண்டித்து அந்த அறிக்கை எழுதினவருக்கும் கோபம் வந்ததே, அது எதனாலே வந்தது? கட்டினவனுக்கு ஒரு நியாயம் உண்டு என்று அவர்கள் நம்பினதாலே. நானும் ஏய்க்க ஆரம்பித்துவிட்டால் அந்த நியாயத்தைக் கேட்க எனக்கு வாய் இருக்குமா? 45 சதவீதமா, 30 சதவீதமா என்று நானும் அடுத்த மன்னிப்புத் திட்டத்துக்குக் காத்திருக்கிற ஆள் ஆகிவிடுவேன். ஏய்க்கிறவனுக்கு ரொம்பப் பிடித்த கட்சி எது தெரியுமா? 'எல்லோரும் ஏய்க்கலாம்' என்கிற கட்சி. கூட்டம் பெருத்தால் அவனைத் தனியாகக் கண்டுபிடிக்க முடியாது பாருங்க.

கணக்குக் கேட்டால் பிடிபடுமா என்று கேட்பீர்கள். பீகாரிலே மாட்டுத் தீவன ஊழல். 1996-ல் வெளியே வந்தது. எப்படி? கருவூலக் கணக்கைப் புரட்டினதாலே. மாடும் தீவனமும் ஏற்றி வந்த லாரி என்று வவுச்சரிலே எழுதியிருந்த எண்களை எடுத்துப் பார்த்தால் அதிலே ஸ்கூட்டர் எண் இருந்தது. எருமையைப் பின் சீட்டிலே உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்! (பலத்த சிரிப்பு) 2013-ல் ராஞ்சி சிறப்பு நீதிமன்றம் முன்னாள் முதலமைச்சர்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் குற்றவாளி என்றது. பதினேழு வருஷம். ரொம்பத் தாமதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வவுச்சர் யாருக்குச் சேர வேண்டிய தாள்? வரி கட்டினவனுக்கு. அவன் கட்டினதற்கு ரசீது அது.

அப்புறம், வரி கட்டுகிறவன் யார் என்பதிலேயே எதிரணிக்கு ஒரு மயக்கம் இருக்கிறது. வருமான வரி கட்டுகிற நம்மை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். சோப்பு வாங்குகிற கூலிக்கார அம்மா கட்டவில்லையா? அந்த நாளிலே விற்பனை வரி, 2017 ஜூலையிலிருந்து ஜி.எஸ்.டி. அவர்களால் ஏய்க்கவே முடியாது. விலையோடு சேர்ந்து வருகிறது. நம்மால்தான் முடியும். போன வருஷம் வீட்டுக்கு மின் சாமான் வாங்கப் போனேன். கடைக்காரர் ரொம்ப மரியாதையாக, 'சார், பில் வேணுமா, வேண்டாமா? வேண்டாம்னா ஒரு ரேட் போட்டுத் தர்றேன்' என்றார். எதிரணி நண்பர்களே, இந்த ஊரிலே இருக்கிற எந்தக் கோடீஸ்வரனும் அங்கே என்னோடு நிற்கவில்லை. நானும் கடைக்காரரும் மட்டும்தான். பில் வேண்டாம் என்று நான் சொன்னால் கோடீஸ்வரனைப் பழிவாங்கினதாகவா அர்த்தம்? அந்தச் சோப்பு வாங்கின அம்மா கட்டினதை நான் கட்டவில்லை என்றுதான் அர்த்தம். பில் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டிலே திட்டு விழுந்தது, அது வேறு விஷயம். (சிரிப்பு)

'அப்படியானால் எந்தக் காலத்திலும் மறுக்கவே கூடாதா?' மறுக்கலாம். எப்படி மறுப்பது என்று காட்டியும் இருக்கிறார்கள். அமெரிக்காவிலே தோரோ. அடிமை முறையையும் மெக்சிகோ யுத்தத்தையும் எதிர்த்தவர். தலைவரி கட்ட மறுத்து 1846 ஜூலையிலே ஒரு ராத்திரி சிறையிலே இருந்தார். ஆனால் சாலை வரியை மட்டும் கட்டிக்கொண்டே இருந்தார். அக்கம்பக்கத்துக்காரனுக்கு நல்ல அண்டை வீட்டுக்காரனாக இருக்க வேண்டும் என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார்.

நம்ம நாட்டிலே பர்தோலி. குஜராத்திலே சூரத் மாவட்டம். 1928-ல் நிலவரியை 22 சதவீதம் உயர்த்தினார்கள். விவசாயிகள் வல்லபபாய் படேலைக் கூப்பிட்டார்கள். 'கட்ட மாட்டோம்' என்று முதலில் சொன்னது யாரிடம்? அரசாங்கத்திடமே. எழுத்திலே. பொய்க் கணக்கு எழுதவில்லை, மச்சான் பெயரிலே மாற்றவில்லை. ஜப்தி வந்தது. வீட்டை உள்ளே தாழ்ப்பாள் போட்டு, மாட்டையும் கூடவே பூட்டி வைத்துக்கொண்டு இருட்டிலே உட்கார்ந்திருந்தார்கள். நிலம் பறிபோனது, ஏலத்திலே விற்றார்கள். நகரவில்லை. ஆகஸ்ட்டிலே அரசாங்கம் இறங்கி வந்தது. பழைய வரியைக் கட்டுங்கள், உயர்வு நியாயமா என்று விசாரிக்கிறோம் என்றது. அந்த மக்கள் பழைய வரியைக் கட்டினார்கள். விசாரணை முடிவிலே 22 சதவீத உயர்வு, ஆறு சதவீதத்தை ஒட்டி வந்து நின்றது. படேல் அங்கேதான் சர்தார் ஆனார்.

எதிரணிக்கு என் ஒரே வேண்டுகோள். 'கட்ட மாட்டோம்' என்று இவ்வளவு அழகாகப் பேசினீர்கள். பேசினதையே ஒரு தாளிலே எழுதி, பெயர், முகவரி, பான் எண் எல்லாம் போட்டு, வருமான வரி அதிகாரிக்குப் பதிவுத் தபாலிலே அனுப்புங்கள். அனுப்பின ரசீதை அடுத்த கூட்டத்திலே காட்டினால், அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறேன். (கைதட்டல்)

மணி அடித்துவிட்டீர்கள், அய்யா. எனக்குக் கொடுத்த நேரத்துக்குக் கணக்குக் காட்டிவிட்டேன்.